உன் வீட்டுக் கூரைகளின் ஆயுள்

அன்பு மகளுக்கு,

உன் கடிதமும், வீட்டின் மேற்புறத்தை எடுத்து நீ அனுப்பியிருந்த படங்களும் கிடைத்தன. நடுவீட்டுக்குக் கான்கிரீட் தளம், பக்கத்து அறைகளுக்கு ஓடு, வண்டி நிறுத்தும் இடத்துக்குத் தகடு என மூன்று வகைக் கூரை கொண்ட பழைய வீட்டை வாங்கியிருக்கிறாய். ஒவ்வொன்றும் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்டிருக்கிறாய். பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் எல்லாவற்றையும் பிரித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். அதற்குச் சம்மதம் சொல்லும் முன் இதை நிதானமாகப் படித்துவிடு. கட்டட வேலைகளை மேற்பார்வையிடுவதிலேயே என் உழைப்புக் காலம் முழுவதும் கழிந்தது. கூரையின் ஆயுளை அதன் பெரும்பரப்பைப் பார்த்துச் சொல்லக் கூடாது, அதில் முதலில் தளரப்போகும் சிறு பகுதி எதுவோ அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பதை அந்த வேலைதான் எனக்குக் கற்பித்தது.

பொதுவான கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓலைக் கீற்று சில ஆண்டுகளிலேயே மாற்ற வேண்டியது. நாணலைக் கனமாக வேய்ந்த கூரையோ 25 முதல் 40 ஆண்டுகள் வரை நிற்கும். ஷிங்கிள் எனப்படும், தார் பூசிய மெல்லிய கூரைத் துண்டுகளுக்கு 15 முதல் 30 ஆண்டுகள் வரை சொல்வார்கள். சிமெண்ட் ஓடு ஏறத்தாழ 50 ஆண்டுகளும், நன்றாகச் சுட்ட களிமண் ஓடு 50 முதல் 100 ஆண்டுகளும் உழைக்கும். நல்ல கற்பலகையும் செப்புத் தகடும் நூறாண்டைக் கடப்பது அரிதன்று. ஆனால் இந்த எண்கள் எல்லாம் மேலே தெரியும் பொருளுக்கு உரியவை; அதைப் பிடித்து நிறுத்தும் ஆணிக்கும், சட்டத்துக்கும், இணைப்புக்கும் உரியவை அல்ல.

உன் ஓட்டுக் கூரையையே எடுத்துக்கொள். படத்தில் ஓடுகள் கறுத்துப் பாசி படிந்து தெரிகின்றன. அதைப் பார்த்துத்தான் அந்த ஒப்பந்தக்காரர் ஓட்டின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதே. நாலைந்து ஓடுகளை வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்து, ஒரு கையில் தொங்கவிட்டபடி விரல் கணுவால் தட்டிப் பார். கணீரென்று ஓசை வந்தால் ஓடு நன்றாக இருக்கிறது. மொத்தென்று செத்த ஓசை வந்தால் உள்ளே விரிசல் ஓடியிருக்கிறது, அல்லது ஓடு ஊறிப் பொரியத் தொடங்கிவிட்டது. பெரும்பாலான ஓடுகள் கணீரென்றால், தளர்ந்தது ஓடு அன்று, அதைத் தாங்கும் சட்டங்களும் ஆணிகளும்தான். ஓடுகளை இறக்கி அடுக்கிவைத்து, உளுத்த சட்டங்களை மாற்றி, அதே ஓடுகளைத் திரும்ப வேய்ந்தால் போதும். முகட்டு ஓடுகளைப் பிடித்திருக்கும் கலவை வெடித்திருக்கிறதா என்றும், இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத்தில் உள்ள தகடு துருவேறி ஓட்டை விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓட்டுக் கூரை ஒழுகுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். பாசியை நீக்க வேண்டுமானால் மேலிருந்து கீழ்நோக்கித் துடைப்பத்தால் தள்ளு. அழுத்தமாக நீர் பீய்ச்சும் எந்திரத்தை ஓட்டின் மேல் காட்டவிடாதே. அது ஓடுகளின் அடுக்கிடையே நீரை ஏற்றிவிடும், ஓட்டின் மேல்தோலையும் உரித்துவிடும்.

தகட்டுக் கூரையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று துத்தநாகப் பூச்சு. வழக்கமாகக் கிடைக்கும் நல்ல தகட்டில் சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம் இருக்கும். அதாவது ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மைக்ரான் கனம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தூய காற்றில் அது ஆண்டுக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவாகவே கரையும். கடற்காற்றிலும் ஆலைப்புகையிலும் அதைப்போலப் பல மடங்கு வேகமாகக் கரையும். ஒரே தகடு ஓரிடத்தில் 30 ஆண்டு நிற்பதும் இன்னோரிடத்தில் 10 ஆண்டுக்குள் துளைபடுவதும் இதனால்தான். பூச்சு வெண்மையாகப் பொடிந்து, இரும்பின் செந்நிறம் எட்டிப் பார்க்கத் தொடங்கும்போதே சுரண்டி வண்ணம் பூசிவிட்டால் அதன் ஆயுள் கணிசமாக நீளும். ஓட்டை விழுந்த பிறகு பூசும் வண்ணத்தால் பயனில்லை. மற்றொன்று திருகாணி. ஒவ்வொரு திருகாணியின் தலைக்குக் கீழும் ஒரு சிறு ரப்பர் வளையம் இருக்கிறது. வெயிலில் காய்ந்து காய்ந்து, தகடு நன்றாக இருக்கும்போதே அது இறுகி வெடித்துவிடும். 10 மீட்டர் நீள இரும்புத் தகடு, 50 டிகிரி வெப்ப வேறுபாட்டில் 6 மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. அலுமினியமாக இருந்தால் ஏறத்தாழ அதைப்போல இரு மடங்கு. அந்த அசைவு நாள்தோறும் திருகாணியைத் தளர்த்திக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை ஆணி வரிசைகளை ஒன்றுவிடாமல் பார். மாற்றும்போது, துளை பெரிதாகியிருந்தால் ஒரு அளவு தடித்த திருகாணியைப் போடச் சொல். ரப்பர் விளிம்பு சற்றே வெளியே பிதுங்கும் அளவுக்கு மட்டும் முறுக்கச் சொல். அதற்கு மேல் முறுக்கினால் வளையம் அன்றைக்கே கிழிந்துவிடும்.

இனிக் கான்கிரீட் தளம். நீ அதிகம் கவலைப்படுவதும், நானும் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். கான்கிரீட் தானாக முதுமையடைந்து சாவதில்லை. ரோம் நகரத்துப் பாந்தியன் கோயிலின் கான்கிரீட் குவிமாடம் கி.பி. 126-ஐ ஒட்டி முடிக்கப்பட்டது. 43 மீட்டர் குறுக்களவுள்ள அது இன்றும் நிற்கிறது, அதற்குள் ஒரு கம்பிகூட இல்லை. நம் தளங்களுக்கு வரும் கேடு கம்பி வழியாகத்தான் வருகிறது. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவேறாமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துவிடுகிறது. அதன்பின் ஈரம் எட்டினால் கம்பி துருவேறும். துரு, இரும்பின் பருமனைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் அடிப்பக்கத்துக் காரை பிளந்து விழுகிறது. காரத்தன்மை குறைவதை நாம் தடுத்து நிறுத்த முடியாது. ஆனால் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள முடியும், தளத்தின் ஆயுளும் அதில்தான் இருக்கிறது.

நீர் தேங்காமலிருக்க வாட்டம் வேண்டும். நூறு அடிக்கு ஓரடியாவது இறக்கம் இல்லாத தளத்தில் மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் நீர் நிற்கும். வாட்டம் சரியாக இருந்தும் வடிகுழாயின் வாயில் இலையும் குப்பையும் அடைத்திருந்தால் விளைவு ஒன்றுதான். வடிகுழாய் தளத்தில் நுழையும் இடம், கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை, தொட்டியின் கால்கள் ஊன்றிய இடம் ஆகிய மூன்றையும் குனிந்து, கையால் தடவிப் பார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விரலுக்குத் தெரியும்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ சிறுமியாக இருந்தபோது நம் வீட்டுக் கூடத்தின் மேற்கூரையில் ஓதம் படர்ந்தது உனக்கு நினைவிருக்கலாம். கறை தெரிந்த இடத்துக்கு நேர் மேலே, தளத்தில் நீர் இறங்காமல் தடுக்கும் பூச்சை இரண்டு முறை போட்டேன். இரண்டு முறையும் அடுத்த மழையில் கறை திரும்ப வந்தது. மூன்றாம் முறை பூச்சை எடுக்காமல் ஒரு வாளியை எடுத்தேன். தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வோரிடமாக நீர் ஊற்றி, அரைமணி நேரம் கீழே வந்து பார்த்து, பிறகு அடுத்த இடத்துக்கு நகர்ந்தேன். கசிவின் வாய், கறையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, வடிகுழாயின் கழுத்தில் இருந்தது. நீர் நுழையும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

விரிசல் தெரிந்த இடங்களை ஆங்கில 'வி' வடிவில் கீறி, தூசு நீக்கி, நெகிழும் தன்மையுள்ள அடைப்புப் பொருளால் அடைத்த பிறகே பூச்சு. தளம் முழுமையாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் வெயிலில் அந்த ஈரம் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாக எழுப்பிவிடும். இரண்டாம் முறை பூசுவதை முதல் பூச்சுக்குக் குறுக்காக இழுக்கச் சொல். இத்தகைய பூச்சு பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை உழைக்கும். பழைய தளத்தின் மேலேயே புதிதாக ஒரு கலவை அடுக்குப் போட்டு வாட்டம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், சம்மதிக்கும் முன் ஒரு பொறியாளரைக் கேள்: 5 சென்டிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கும் மேல் பாரம் ஏறுகிறது. கம்பி துருவேறிய தளத்துக்கு அது பொறுக்காது.

ஒரு படத்தின் ஓரத்தில், பின்கட்டுக் கொட்டகையின் மேல் சாம்பல் நிற அலைத்தகடு தெரிகிறது. அது பழைய ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதன் இழைகள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோயை உண்டாக்கும். ஆகவே அதைத் துளைக்கவோ அறுக்கவோ தேய்க்கவோ யாரையும் விடாதே. உடையாமல் இருக்கும்வரை அப்படியே இருக்கட்டும். எடுப்பதானால் அந்த வேலையில் பயிற்சி பெற்றவர்களே எடுக்க வேண்டும்.

சோலார் பலகை வைக்கும் எண்ணத்தையும் எழுதியிருந்தாய். பலகைகள் 25 ஆண்டுகள் உழைக்கக் கூடியவை. பத்து ஆண்டில் பிரிக்க வேண்டிய கூரையின் மேல் அவற்றை ஏற்றாதே. தளத்தைச் சீர்செய்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஏணியில் ஏறும்போது மாப்பிள்ளை கீழே பிடித்துக்கொண்டு நிற்கட்டும். ஈர ஓட்டின் மேலும் பழைய தகட்டின் மேலும் நீ கால் வைக்கவே கூடாது. அடுத்த மழை நின்று இரண்டு நாள் கழித்துத் தளத்துக்குப் போ. நீர் இன்னும் நிற்கும் இடங்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, வடிகுழாயின் வாய் தெரியும்படி படமெடுத்து அனுப்பு. அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு, எதைப் பிரிப்பது, எதை விடுவது என்று எழுதுகிறேன். அதுவரை அந்த ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா