வாசலில் ஒரு பலகை வையுங்கள்

ஐயா, எங்கள் பேரூராட்சி அலுவலகத்தில் சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்கு எப்போது போனாலும், ‘சார் மீட்டிங் போயிருக்கார்’ என்பதே பதில். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டும் கிடையாது. தூர்வாரிய சாக்கடை மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழையில் அது மறுபடி உள்ளே. அதற்கும் பில் போடுவார்கள் போல!

தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2022 நவம்பர் 1-இல், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. சரி, நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே கொடுத்த மனுக்கள் என்ன ஆயின என்று யார் சொல்வது?

ஒதுக்கீடு, செலவு விவரங்களை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆவது பிரிவு. ஒவ்வொரு வேலைக்கும் ஆன தொகையை அலுவலக வாசலில் எழுதி வைக்க மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.

– வரி கட்டும் வாசகர் ஒருவர்