பிளாட்டினத்தை அடித்துவிட்டுத் தண்ணீர் என்று எழுது

அன்புள்ள பாப்பா,

சிறுகோளில் சுரங்கம் தோண்டப்போவதாக நீ அனுப்பிய திட்டத்தைப் படித்தேன். வரவுப் பக்கத்தில் முதல் வரியே பிளாட்டினம். அதை அடித்துவிடு. உலகம் முழுக்கச் சுரங்கங்களில் ஆண்டுக்கு எடுப்பதே 200 டன்னுக்குக் குறைவு. நீ 50 டன்னைக் கொண்டுவந்து இறக்கினால், கணக்கில் போட்ட விலை அன்றைக்கே சரிந்துவிடும்.

சிறுகோளில் எடுக்கும் தண்ணீரை ராக்கெட் எரிபொருளாக்க விண்வெளியிலேயே விற்கலாம். பூமியிலிருந்து ஏற்றிப்போகும் கூலிதான் அதற்கு விலை. ராக்கெட் கூலி குறையக் குறைய உன் விலையும் இறங்கும் என்பதால், அதிகம், நடுத்தரம், குறைவு என்று மூன்று விதக் கூலிக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடு.

கரிமச் சிறுகோளில், அதாவது கார்பன் நிறைந்த சிறுகோளில், பனிக்கட்டி கிடைக்கும் என்று நினைக்காதே. தண்ணீர் களிமண் கனிமத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. நூற்றுக்குப் பத்து என்று வைத்தால், ஒரு டன் தண்ணீருக்குப் பத்து டன் கல்லை 600 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். சூட்டுக்குக் கண்ணாடி வைத்து வெயிலைக் குவித்தால் போதும். மின்சாரத்தைத் தின்பது தண்ணீரை ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரிக்கும் மின்பகுப்புதான். டன்னுக்கு ஏறக்குறைய 5,500 யூனிட். ஆவியோடு கந்தகமும் வரும். வடிகட்டாமல் விட்டால் மின்பகுப்புக் கலத்தின் வினையூக்கி கெட்டுப்போகும்.

இன்னொன்றும் விட்டிருக்கிறாய். ஒரு டன் தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன் 111 கிலோ, ஆக்சிஜன் 889 கிலோ. ராக்கெட் எஞ்சின் கேட்பது ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு ஆறு பங்கு ஆக்சிஜன்தான். ஆக, 220 கிலோ ஆக்சிஜன் மிச்சம். அதற்கு ஆள் பார்த்து வை. மூச்சுவிடவும் யாராவது வாங்குவார்கள். ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் காப்பது பெரும்பாடு. சுமந்துவரும்போது தண்ணீராகவே வைத்திரு, பிரிப்பதை விற்கும் இடத்துக் கிடங்கில் செய்துகொள்ளலாம்.

தோண்டும் பக்கத்தில் ஒரே வரி எழுதியிருக்கிறாயே! 2020 அக்டோபரில் நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு என்ற சிறுகோளைத் தொட்டபோது தரை தாங்கவே இல்லை, கலத்தின் கை அரை மீட்டர் உள்ளே போனது. அள்ளிய கல் மூடியில் சிக்கி, துகள் வெளியே கசிந்தது. 2023-ல் அள்ளியது பூமிக்கு வந்த பிறகும், அதை வைத்திருந்த கலனின் 35 திருகில் இரண்டு கழலவில்லை. தனிக் கருவி செய்து 2024 ஜனவரியில்தான் திறந்தார்கள். எல்லாம் சேர்த்து 121.6 கிராம். பென்னுவின் ஈர்ப்பைவிட்டுத் தப்பிக்கத் தேவையான வேகமே நொடிக்கு 20 சென்டிமீட்டர் அளவுதான். மண்வெட்டி போட்டால் மண்ணும் பறக்கும், எந்திரமும் பறக்கும். பாறையைப் பையில் கட்டி, பைக்குள்ளேயே சுடுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

காலத்தையும் பார். பென்னு பூமிக்குப் பக்கத்தில் வருவது ஆறு வருடத்துக்கு ஒருமுறை. ஒரு வால்வு வராமல் நாள் தவறினால், கடனுக்கு ஆறு வருட வட்டி. சிறுகோளில் சுரங்கம் போடக் கிளம்பிய பிளானட்டரி ரிசோர்ஸஸ், டீப் ஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸ் என்ற இரண்டு நிறுவனங்களும் ஒரு கல்லைக்கூடத் தொடாமல் 2018, 2019-ல் கைமாறின. சட்டத்தைப் பற்றிய பக்கம் போதும். 2015 அமெரிக்கச் சட்டம், விண்வெளியில் எடுத்த பொருளை அமெரிக்கர்கள் சொந்தம் கொண்டாட விடுகிறது.

முதல் வருடச் செலவில், சுட்டுப் பார்க்கச் சிறுகோள் கல்லைப் போலச் செய்த செயற்கைக் கல் பத்துக் கிலோ, வெற்றிடக் கலன், உலை மூன்றையும் சேர். கந்தகம் எவ்வளவு வருகிறது என்று தெரிந்த பிறகு வடிகட்டியின் எடையைப் போடலாம். திருத்திய தாளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்பு, அம்மாவும் படிக்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா