தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பாதி

ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டங்களைப் பார்வையிடும், அறிக்கை கேட்கும், எண்ணிக்கை வாங்கும் அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

போன மாதம், நடக்காத கூட்டம் ஒன்றுக்கு நான் தீர்மானம் எழுதினேன். ‘இறைவணக்கத்துடன் கூட்டம் தொடங்கியது. சென்ற கூட்டத் தீர்மானங்கள் வாசிக்கப்பட்டு உறுதி செய்யப்பட்டன. சேமிப்பும் கடன் தவணையும் வசூலிக்கப்பட்டன. ஊட்டச்சத்து பற்றி விவாதிக்கப்பட்டது. நன்றியுரையுடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது.’ இருபது வருடத்துக்கு மேல் எழுதிப் பழகிய கை, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் வீடு வீடாகப் போய்ப் பதினான்கு கையெழுத்து வாங்கினேன். ஒருவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே ஈரக் கையோடு போட்டார். வருகைப் பதிவேட்டில் அந்த இடம் மட்டும் மை கலங்கி ஊதாவாய்க் கிடக்கிறது.

கூட்டம் ஏன் நடக்கவில்லை என்றால், அன்றைக்கு எங்களை வேறொரு கூட்டத்துக்கு வரச்சொல்லி இருந்தது. முந்தைய நாள் இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் செய்தி: ‘குழுவுக்கு ஐந்து பேர், சீருடைப் புடவை, காலை 10 மணி.’ வேன் எட்டு மணிக்கே வந்துவிட்டது, விழா தொடங்கியது பன்னிரண்டரைக்கு. அதுவரை நாற்காலியை நிரப்பியதுதான் எங்கள் பங்கு. பொட்டலத்தில் எலுமிச்சைச் சாதம், தொட்டுக்கொள்ள ஊறுகாய். வீடு திரும்ப ஐந்தாகிவிட்டது. கறவை மாடு வைத்திருப்பவர்கள் இறங்கிய வேகத்தில் ஓடினார்கள். ஏழு மணிக் கூட்டத்துக்கு யாருக்கும் தெம்பில்லை. யார் கூப்பிட்டார்கள் என்று எழுதப்போவதில்லை. இது ஒருவரோ ஓர் அலுவலகமோ மட்டும் செய்கிற வேலை இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

பொய்த் தீர்மானம் எழுதியது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுதி முடித்தபோது ஒன்று உறைத்தது. அந்தப் பக்கத்துக்கும் உண்மையாகவே நடந்த கூட்டங்களின் பக்கங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. உண்மையில் கூட்டத்தில் நடப்பது புத்தகத்தில் ஏறுவதே இல்லை. சேமிப்பு, கடன், தவணை எல்லாம் முக்கால் மணி நேர வேலை. பெட்டியைப் பூட்டி, கணக்குப் புத்தகங்களைத் துணிப்பைக்குள் போட்டபிறகு, யாராவது ஒருத்தர் காலை நீட்டிச் சுவரில் சாய்வார் பாருங்கள், கூட்டம் அப்போதுதான் தொடங்கும். அந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் இந்த மடல்.

என் அம்மா காலத்தில் இதற்கு மாதர் சங்கம் என்று பெயர். 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தபிறகு ஊர் ஊராகப் பரவியவற்றில் ஒன்று எங்கள் ஊரிலும் இருந்தது. ஊர்நல அலுவலர் அம்மா மாதம் ஒருமுறை வருவார், இரண்டு தையல் இயந்திரம், ஒரு ரேடியோ, கொஞ்சம் பாட்டு. பணப் புழக்கமே கிடையாது. அதனால்தான் அது நிலைக்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு, அதில் உண்மையும் இருக்கிறது. மாமியாரிடம் ‘கூட்டத்துக்குப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்ப ஒரு காரணம் வேண்டுமே. பணம் அந்தக் காரணமாயிற்று.

தருமபுரியில் 1989-ல் முதல் குழுக்கள் தொடங்கியபோதும், 1992-ல் நபார்டு வங்கி குழுக்களையும் வங்கிகளையும் இணைக்கும் முயற்சியைத் தொடங்கியபோதும், பணம் ஒரு காரணம்தான், கூட்டம்தான் முக்கியம் என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடவில்லை என்றே நினைக்கிறேன். பயிற்சிக்குப் பயிற்சி நீங்கள் எங்களை ஒப்பிக்க வைக்கும் பஞ்ச சூத்திரத்தைப் பாருங்கள். தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, குழுவுக்குள்ளேயே கொடுக்கும் உள்கடன், ஒழுங்காகத் திருப்பிக் கட்டுதல், சரியான கணக்கு. ஐந்தில் முதலாவது கூட்டம். சேமிப்பு அதற்கு அடுத்துத்தான். ஆனால் ஆய்வுக்கு வரும்போது கடைசி மூன்றைத்தான் கேட்கிறீர்கள். முதலாவதற்கு ஒரு போட்டோ போதும் என்றாகிவிட்டது, அதுவும் தேதி, நேரம், இடம் பதிந்த போட்டோ.

வங்கிக்காரர்கள் கோணத்தில் யோசித்தாலும் கணக்கு எனக்கு இப்படித்தான் வருகிறது. அடமானம் இல்லாமல் குழுக்களுக்குக் கொடுக்கும் கடன் வரம்பை ரிசர்வ் வங்கி 2021-ல் 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்த்தியது. நகை இல்லை, பத்திரம் இல்லை, பிறகு எதை நம்பிக் கொடுக்கிறார்கள்? ஒருத்தியை மற்ற பதின்மூன்று பேருக்கும் தெரியும் என்பதை நம்பித்தான். அந்தத் தெரிதல் எங்கிருந்து வருகிறது? பாஸ்புக்கிலிருந்தா?

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. தவணை மட்டும் மகன் கையில் சரியாக வந்துவிட்டது. புத்தகத்தின்படி எந்தக் குறையும் இல்லை. ஆனால் பேச்சோடு பேச்சாக ஒருவர், ‘அவள் கழுத்தில் மஞ்சள் கயிறுதானே கிடக்கிறது’ என்றார். அவ்வளவுதான் துப்பு. இரண்டு பேர் அவள் வீட்டுக்குப் போனோம். தாலிச் சரடு அடகில். தனியார் வாரக் கடன் மூன்று, ஒன்றை அடைக்க இன்னொன்று. எங்கள் தவணையைக் கட்டியதே அந்த மூன்றாவது கடனில்தான். நாலு பேராய் உட்கார்ந்து கணக்குப் போட்டு, குழுவின் சொந்த நிதியிலிருந்து ஒரு கடனை அடைத்தோம், மற்றவற்றுக்குத் தவணை பேசினோம். முழுசாக மீண்டுவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டத்துக்கு வருகிறாள்.

அந்த வாரக் கடன்காரர்களும் தங்கள் வசூலுக்குக் ‘கூட்டம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு ஒரு திண்ணையில் வரிசையாக உட்கார வைத்து, ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றவர்களை எழுந்திருக்க விடமாட்டார்கள். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025-ல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் இளம்பெண்களிடம் ‘கூட்டத்துக்கு வா’ என்று சொன்னால் முகம் சுருங்குகிறது. அவர்கள் பார்த்த கூட்டம் அதுதான். நம்முடைய கூட்டமும் அப்படியே ஆகிக்கொண்டு வருகிறது என்பதுதான் என் பயம்.

இன்னொன்று சொல்கிறேன், இது எந்த அறிக்கையிலும் வராது. குழுக்கள் தெருவுக்குத் தெரு தனித்தனி. அதாவது சாதிக்குச் சாதி தனித்தனி, மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில்தான் மேலத்தெருவும் காலனியும் முதல்முறையாக ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தன. மாதம் ஒரு பிரதிநிதி வீட்டில் கூட்டம், டீ அந்த வீட்டுக்காரர் பொறுப்பு என்று பேசி வைத்தோம். காலனி முறை வந்த முதல் மாதம் இரண்டு பேருக்குத் திடீரென்று விரதம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டீ போட்ட அக்காவும் கேட்கவில்லை, இரண்டு டம்ளரை அப்படியே உள்ளே எடுத்துப் போனார். அடுத்த சுற்றிலும் விரதம். மூன்றாவது சுற்றில் ஒருவர், ‘சர்க்கரை கம்மியாப் போடு’ என்றார். அந்த அக்கா அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவேயில்லை. இன்னொருவருக்கு இன்றுவரை விரதம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு மூன்று சுற்று ஆனது, அதாவது ஒரு வருடத்துக்கு மேல். நீங்கள் கேட்கும் ‘சமூக நல்லிணக்க விழிப்புணர்வுக் கூட்டம், பங்கேற்றோர் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் இதை எப்படி நிரப்புவது?

போன தைமாதக் கூட்டத்தில், அறுபது தாண்டிய ஒரு ஆத்தா நடவுப் பாட்டு எடுத்தார். வயதைக் காட்டி உறுப்பினர் பட்டியலிலிருந்து அவரை எடுத்துவிட்டோம், ஆனால் வருவதை நிறுத்தவில்லை. எங்கள் பக்கம் நடவுக்கு இயந்திரம் வந்தபிறகு அந்தப் பாட்டுக்கு வேலை போய்விட்டது. குனிந்து நடும்போது மூச்சுக்கு ஏற்ற பாட்டு என்பதால் உட்கார்ந்து பாட வரவில்லை அவருக்கு. எழுந்து, முதுகை வளைத்து, சிமெண்டுத் தரையில் நாற்றுப் பிடித்ததுபோலக் கையை வைத்துக்கொண்டுதான் பாடினார். கல்லூரி போகும் பெண் ஒருத்தி செல்போனில் பிடித்தாள். அன்றைக்குத் தீர்மானப் புத்தகத்தில் நான் எழுதியது: ‘இதர விஷயங்கள் பேசப்பட்டன.’

அப்புறம், கூட்டத்தில் கொறிக்க வாங்கிய சுண்டல் விவகாரம். தணிக்கைக்கு வந்தவர், ரொக்கப் புத்தகத்தில் 180 ரூபாயை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ‘சுண்டல் எந்தத் தலைப்பில் வரும்?’ என்று கேட்டார். விழாவுக்கு வேன் வாடகை குழுக் கணக்கிலிருந்து போனபோது அவருக்குத் தலைப்பு கிடைத்தது. சுண்டலுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் நாங்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஈடுகட்டினோம். சிரிப்பாக இருந்தாலும் விஷயம் அற்பமில்லை. எங்கள் சேமிப்புக்குக் கிடைத்த வட்டியில், எங்களுக்காக இருநூறு ரூபாய் செலவழிக்க எங்களுக்கு உரிமை உண்டா இல்லையா?

கேளிக்கைக்கு அரசுப் பணமா என்று கேட்கத் தோன்றுகிறவர்களுக்கு இரண்டு உதாரணம் போதும். புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்த 1990-களின் தொடக்கத்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். எழுத்துக் கற்றுக்கொடுக்க வந்த இயக்கத்துக்குச் சைக்கிள் எதற்கு என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு போன பெண்கள் யாரிடமும் வாதாடவில்லை, மிதித்துக்கொண்டே போனார்கள். இரண்டாவது, கேரள அரசின் பெண்கள் குழுத் திட்டமான குடும்பஸ்ரீ. 2023-ல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை விடுமுறை நாட்களில், லட்சக்கணக்கான குழுப் பெண்கள் பையும் சோற்றுப் பாத்திரமும் எடுத்துக்கொண்டு மறுபடி பள்ளிக்கூடம் போனார்கள். மணி அடித்தது, வரிசையில் நின்றார்கள், பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பாடம் என்னவோ குழு நிர்வாகமும் பணக் கணக்கும்தான். அதையே மண்டபத்தில் வைத்து மைக்கில் சொல்லியிருந்தால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

இனி கேட்பதைக் கேட்டுவிடுகிறேன்.

மாதத்தில் ஒரு கூட்டத்தை எங்களுக்கு விட்டுவிடுங்கள். அன்றைக்கு விழா வேண்டாம், கணக்கெடுப்பு வேண்டாம், படிவம் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். எந்த நாள் என்பதைக் குழுவே முடிவு செய்து வருட ஆரம்பத்தில் எழுதிக் கொடுத்துவிடும். அந்த நாளில் எந்தத் துறை ஆள் கேட்டாலும் ‘இல்லை’ என்று நீங்கள் எங்களுக்காகச் சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் அடுத்த கடன் மனு மேசையிலேயே கிடக்குமோ என்று பயப்படுகிறோம். நீங்கள் சொன்னால் அந்தப் பயம் இல்லை.

குழுக் கட்டடத்தின் சாவியைக் கொடுங்கள். எங்கள் ஊரில் ‘மகளிர் சுய உதவிக் குழுக் கட்டடம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிய ஒரு கட்டடம் இருக்கிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் பிளீச்சிங் பவுடர் மூட்டை, உடைந்த தெருவிளக்கு, போன தேர்தலுக்குக் கட்டிய மூங்கில். நாங்கள் அதன் வாசல் படியில் உட்கார்ந்து கூட்டம் போட்டிருக்கிறோம், மழை வந்தால் கலைந்திருக்கிறோம்.

நேரத்தையும் எங்களிடம் விடுங்கள். காலை பதினொன்று உங்களுக்குத் தோதான நேரம். எங்களில் பாதிப் பேர் அப்போது நூறு நாள் வேலையில் இருப்பார்கள். காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிற இரண்டு பேர் விடிவதற்கு முன்பே எழுந்தவர்கள், பதினொன்றுக்குத்தான் முதுகைச் சாய்ப்பார்கள். மாலை ஏழு மணி, பால் கறந்து ஊற்றிய பிறகு, அதுதான் ஊர்ப் பெண்களின் ஓய்வு நேரம். வருடத்துக்கு ஒரு நாள் எங்காவது போய்வரவும் ஆசைப்படுகிறோம். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் எங்களுக்குக் கட்டணம் கிடையாது, கட்டுச்சோறு நாங்களே கொண்டுபோவோம். அதற்கு ஆன செலவை எந்தத் தலைப்பில் எழுதலாம் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

உங்கள் நிலைமையும் தெரியாதது இல்லை. எங்கள் ஊருக்கு வரும் ஒருங்கிணைப்பாளர் பெண் தொகுப்பூதியத்தில் இருக்கிறாள். சொந்த வண்டியில் சொந்தப் பெட்ரோலில் ஊர் ஊராகச் சுற்றுகிறாள். ‘அக்கா, எனக்கு மேலிருந்து கேட்கிறாங்க, நான் என்ன செய்ய’ என்று ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். அன்றைக்குக் கூட்டத்தின் இரண்டாவது பாதி முழுவதும் அவளுக்காகவே போயிற்று. அவளுக்கும் மேலே இருப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

எங்கள் அடுத்த கூட்டம் வரும் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, அதே வாசல் படியில். உங்களில் யார் வந்தாலும் சரி, முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டு, கணக்கு முடிந்தபிறகும் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள். இந்த முறை கொண்டைக்கடலை.

இப்படிக்கு,
ஒரு குழுவின் முன்னாள் ஊக்குநர், இன்றும் அதன் கணக்கு எழுதுபவள்