ஆண்டறிக்கை 2024/25: நடந்த மலைகளும் நடக்கப்போகும் தீவும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்த மழையிலும் வந்து சேர்ந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை எமது மலைநடைச் சங்கம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் இங்கே சமர்ப்பிக்கிறேன். கடந்த ஆண்டு என் அறிக்கை ஒன்பது பக்கம் நீண்டு, ஏழாம் பக்கத்தில் பாதிப்பேர் தேத்தண்ணிக்கு எழுந்து போனது ஞாபகம் இருக்கிறது. ஆகவே வழமையான விடயங்களைச் சுருக்கிவிட்டு, எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் தீவு விடயத்துக்கு, அதாவது ஜப்பானின் இரியோமொத்தே தீவைக் குறுக்காக நடந்து கடக்கும் திட்டத்துக்கு, வருகிறேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் 38 அங்கத்தவர்கள் இருந்தோம். ஐந்து பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருவர் கொழும்புக்கும் ஒருவர் கட்டாருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது 41. மாதம் ஒரு நடை என்று போட்ட திட்டத்தில் ஒன்பது நடந்தன. மற்ற மூன்றையும் மழைக்காகத் தள்ளிப் போட்டோம், அவை அப்படியே தள்ளிப்போனவையாகவே நின்றுவிட்டன. கிரிகல்பொத்த, நமுனுகுல, லிப்டன் சீட், பீக்கோ பாதையின் இரண்டு கட்டங்கள் என்று போனோம். பலாபத்தல பக்கமாக ஏறி நல்லதண்ணிக்கு இறங்கிய சிவனொளிபாதமலை நடைதான் இந்த ஆண்டில் அதிகம் பேர் வந்தது. ஹட்டனில் பிறந்து வளர்ந்தவர்கள் வாழ்நாள் முழுக்க நல்லதண்ணிப் பக்கமாகவே ஏறி இறங்குகிறோம். மலைக்கு மறுபக்கமும் உண்டு என்று 60 வயதில் கண்டவர்களும் அன்று வந்திருந்தார்கள்.

ரயில் பாதை வழியாக ஒஹியாவிலிருந்து இதல்கஸ்ஹின்ன போகலாமே என்று இந்த ஆண்டும் மூன்று பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம். அடுத்த ஆண்டும் பதில் இதுவேதான்.

சரி, இரியோமொத்தே.

இந்தப் பேரை முதலில் கொண்டுவந்தவர் ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலை செய்யும் எமது முன்னாள் பொருளாளர். ஆனால் ஆசை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2023இல் மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டானதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதில் எம்மவர் சிலர் ஓரிரு நாள் சேர்ந்து நடந்தார்கள். திரும்பி வந்ததிலிருந்து அவர்களுக்குச் சிகரம் ஏறி இறங்குவது போதவில்லை. ஓர் இடத்தின் இந்தக் கரையில் தொடங்கி அந்தக் கரையில் முடிக்க வேண்டும் என்றார்கள். அதுவும் சுற்றுலாக் கம்பனிக்குக் காசு கட்டாமல், எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொண்டு.

இரியோமொத்தே ஜப்பானின் தென்மேற்குக் கோடியில், ஒக்கினாவா மாகாணத்தில் உள்ள தீவு. ஒக்கினாவாப் பெரிய தீவைவிடத் தாய்வான்தான் அதற்குக் கிட்ட. பரப்பளவு ஏறத்தாழ 289 சதுர கிலோமீட்டர், அதில் பத்தில் ஒன்பது பங்கு காடும் கண்டலும். மக்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். விமான நிலையம் கிடையாது. இஷிகாக்கி தீவில் இறங்கி, அங்கிருந்து படகில் போக வேண்டும். தீவைச் சுற்றிவரப் பாதையும் இல்லை: ஒரே தெரு கரையோரமாகப் பாதிவட்டம் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. மிக உயர்ந்த மலை 470 மீட்டர்கூட இல்லை. இதைக் கேட்டதும் செயற்குழுவில் ஒருவர், "நம்ம வீட்டு வாசலே 1,200 மீட்டர், இதெல்லாம் ஒரு மலையா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இரண்டாவது கூட்டம் வரைக்கும் தாக்குப்பிடிக்கவில்லை.

உராஉச்சி ஆறு ஒக்கினாவா மாகாணத்திலேயே நீளமானது. அதன் முகத்துவாரத்துக்கு அருகில் படகு ஏறி, கண்டல் காடுகளுக்கு நடுவே எட்டுக் கிலோமீட்டர் அளவு உள்ளே போனால் போர்க்கப்பல் பாறை என்ற துறை. அங்கிருந்து மரியுது, கன்பிரே என்ற இரு நீர்வீழ்ச்சிகள் வரை நல்ல நடைபாதை, சுற்றுலாப் பயணிகள் அதோடு திரும்பிவிடுவார்கள். கன்பிரே என்றால் தெய்வங்கள் அமரும் இடம் என்று பொருளாம். நமக்கு இது புதிதல்ல, நாமும் தெய்வத்தின் கால் பட்ட மலைக்குக் கீழேதான் குடியிருக்கிறோம். அதற்கு அப்பால்தான் குறுக்குப் பாதை தொடங்குகிறது. மரங்களில் கட்டிய இளஞ்சிவப்பு நாடாக்களைப் பார்த்துக்கொண்டு, ஓடைகளை மாறி மாறிக் கடந்து, தீவின் தென்கிழக்கில் ஓஹாரா பக்கம் வெளியே வர வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர், எட்டு முதல் பத்து மணித்தியாலம். உள்ளே கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடையாது. மழை பெய்தால் ஓடை ஆறாகும், பாறை சவர்க்காரமாகும். உயரம் குறைவு என்பதால் தூரத்தில் ஒரு சிகரத்தைப் பார்த்துத் திசை பிடிக்கவும் வழியில்லை. நடப்பதெல்லாம் மரத்துக்கு அடியில்.

நேரக் கணக்குத்தான் எம்மை அதிகம் அலைக்கழித்தது. உராஉச்சிப் பக்கம் தொடங்கினால், விடிந்து வெகுநேரம் கழித்து வரும் முதல் படகுக்காகக் காத்திருக்க வேண்டும், அதனால் இருட்டுக்குமுன் வெளியே வருவது இழுபறி. ஓஹாராப் பக்கம் தொடங்கினால் விடியலில் இறங்கலாம், ஆனால் பின்னேரம் கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு போர்க்கப்பல் பாறையில்தான். போதாக்குறைக்கு, தீவு ஜப்பானின் மேற்கோரத்தில் இருப்பதால் பெப்ரவரியில் அங்கே ஏழு மணி தாண்டித்தான் விடியும். இப்போதைய பொருளாளர் இதற்காக ஒரு முழு கொப்பியை எழுதி முடித்திருக்கிறார். பார்க்க விரும்புபவர்கள் அவரிடம் கேட்கலாம், ஆனால் ஒரு மணித்தியாலம் ஒதுக்கிக்கொண்டு கேளுங்கள்.

அங்கே மே, ஜூன் மாதங்களில் மழைக்காலம், அதன்பின் ஒக்டோபர் வரை சூறாவளி அச்சம். ஆகவே பெப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கம் என்று தீர்மானித்தோம். குளிர்காலத்தில் வடகாற்று அடித்தால் தீவின் வடக்கிலுள்ள உஎஹாரா துறைக்குப் படகு ஓடாமல் போவது சாதாரணமாம். அப்போது ஓஹாராவுக்குப் போய் பஸ் பிடிக்க வேண்டும். அதற்காகக் கூடுதலாக இரண்டு நாட்களைத் திட்டத்தில் சேர்த்திருக்கிறோம்.

அட்டையைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. அங்கேயும் உண்டு, எம்மிடம் உப்பும் சவர்க்காரமும் உண்டு. பாம்பு விடயத்தில் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. அங்குள்ள சகிஷிமா ஹாபு, தேயிலைச் செடிக்குள் கொழுந்தெடுக்கும் கைக்குத் தட்டுப்படும் எமது பச்சை விரியனைப் போலவே குழிவிரியன் வகை. கையை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வைக்கும் பழக்கம் எம் தாய்மாருக்கு இருக்கிறது, நமக்குத்தான் இல்லை. எமது தாதி அங்கத்தவர் எழுப்பிய விடயம் யாருமே யோசிக்காதது: அந்த ஆறுகளில் எலிக்காய்ச்சல் கிருமி உண்டு. வெட்டுக்காயத்தோடு தண்ணீரில் இறங்கக்கூடாது, ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக்கூடாது. அடுப்புக்கான வாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது என்பதால் இஷிகாக்கியில்தான் வாங்க வேண்டும்.

இனி எனக்குச் சங்கடமான பகுதி.

காட்டுக்குள் போகுமுன், யார் யார் போகிறார்கள், எந்த வழி, எத்தனை மணிக்கு வெளியே வருவார்கள் என்று எழுதி அங்குள்ள அலுவலகங்களில் ஒப்படைக்க வேண்டும் என்று ஜப்பானிலிருக்கும் நண்பர் சொன்னபோது, "சுயமாகப் போகிறோம் என்றால் எதற்கு இந்தக் கடதாசி எல்லாம்?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். அதற்கு ஒரு மாதம் கழித்து, ஒக்டோபரில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு பயிற்சி நடை போனோம். பதினொரு பேர். தோட்டத்தின் மேல் டிவிஷனைத் தாண்டி டர்பன்டைன் மரக் காட்டுக்குள் நுழைந்ததும் மூடுபனி இறங்கியது. வேகமாக நடப்பவர்கள் முன்னே போய்விட்டார்கள். பின்னால் வந்த மூவர் ஒரு பிரிவில் வேறு முகட்டைப் பிடித்துவிட்டார்கள். முன்னே போன நாங்கள் இரண்டு மணித்தியாலம் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு நின்றோம். யாருக்கு அறிவிப்பது? ஊரில் எவரிடமும் எந்த வழியில் போகிறோம் என்று சொல்லியிருக்கவில்லை. வழி வரைந்த கடதாசி ஒன்றே ஒன்றுதான், அதுவும் என் பையில். மூவரும் இரவு ஏழு மணிக்கு வேறொரு தோட்டத்து லயத்தில் போய் இறங்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு பாட்டி ரொட்டி சுட்டுக் கொடுத்து, "ஏம்மா, வேற வேலை இல்லையா ஒங்களுக்கு?" என்று கேட்டாராம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தவறு என்னுடையது, அதை இந்தச் சபையில் பதிவு செய்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நடைக்கும் வழியும் திரும்பும் நேரமும் எழுதிய தாளொன்றை வீட்டில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டே கிளம்புகிறோம். கடைசியாக வருபவருக்குப் பின்னால் எவரும் இல்லை என்று பார்க்க ஒருவர் நியமிக்கப்படுகிறார்.

அப்புறம் வந்தது வழிகாட்டிப் பிரச்சினை. 2021இல் யுனெஸ்கோ அந்தத் தீவை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. உலகில் அங்கு மட்டுமே வாழும் இரியோமொத்தே காட்டுப்பூனை நூறளவில்தான் மிஞ்சியிருக்கிறது, தெருவில் வாகனம் மோதியே சில சாகின்றன. ஆகவே 2025 முதல் தீவின் சில பகுதிகளுக்கு நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரையறையும், அனுமதி பெற்ற வழிகாட்டியோடுதான் போகலாம் என்ற விதியும் வந்திருக்கின்றன. அவற்றில் உராஉச்சி ஆற்றின் தலைப்பகுதியும் ஒன்று. எமது தடம் அந்த ஆற்றை ஒட்டியே போகிறது. ஜனவரியிலும் பெப்ரவரியிலும் செயற்குழுக் கூட்டங்கள் இரண்டும் இதிலேயே போயின. வழிகாட்டி வந்தால் இது நம் நடை இல்லை என்றார்கள் பாதிப்பேர். என் கருத்து வேறு. 2020இல் நல்லதண்ணிப் பக்கம் கம்பிக் கண்ணியில் மாட்டி இறந்த கருஞ்சிறுத்தையை நாம் மறந்துவிடவில்லை. அங்கே அப்படி நடக்காமல் இருக்க அவர்கள் ஒரு விதி போட்டால், விருந்தாளி முணுமுணுக்கக்கூடாது. படகு நேரம் பார்ப்பது, சுமை கட்டுவது, வானத்தைப் பார்த்துத் திரும்பலாம் என்று முடிவெடுப்பது எல்லாம் எப்படியும் நம் தலையில்தான். வழிகாட்டியோடு போவது என்பது வாக்கெடுப்பில் ஆறுக்கு மூன்று என்று நிறைவேறியது. எதிர்த்த மூவரும் போக விரும்புவோர் பட்டியலில் இன்னும் இருக்கிறார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

திட்டத்தில் ஒரு நாள் ஊத்தாரா நிலக்கரிச் சுரங்க இடிபாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறோம். உராஉச்சி ஆற்றோரமாகவே நடந்து போகலாம். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானின் மற்றப் பகுதிகளிலிருந்தும் தாய்வானிலிருந்தும் ஆட்களை ஆசைகாட்டிக் கொண்டுவந்து, கடனில் கட்டிவைத்து, கம்பனிக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் சீட்டைச் சம்பளமாகக் கொடுத்தார்கள். தப்பியோடக் காடு விடவில்லை. மலேரியா பலரைக் கொன்றது. இதை நான் கூட்டத்தில் வாசித்தபோது, எமது மூத்த அங்கத்தவர் ஐயா, "துண்டு முறைதான், வேற என்ன?" என்றார். கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் ஆளைக் கைமாற்றிய அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது. அவருடைய அப்பா அதைக் கண்ணால் கண்டவர். அதற்குப் பிறகு கூட்டத்தில் ஒருவரும் காட்டுப்பூனையைப் பற்றிப் பேசவில்லை.

இப்போதைய நிலை: 2026 பெப்ரவரி கடைசி வாரம், இங்கிருந்து நால்வர், ஜப்பானிலிருந்து ஒருவர். போக விரும்புபவர் எட்டுக் கிலோ சுமையோடு பத்து மணித்தியாலம் நடந்து காட்ட வேண்டும். முதல்நாள் கடும் மழை பெய்தால் குறுக்கு நடை கைவிடப்படும், போர்க்கப்பல் பாறை வரை படகில் போய், கன்பிரே வரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். அதில் வாக்குவாதத்துக்கு இடமில்லை. ஒருவருக்கு ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேல் ஆகும் என்பது பொருளாளரின் கணக்கு, அதில் பெரும்பகுதி விமானச்சீட்டு. சங்க நிதியிலிருந்து இதற்கு ஒரு சதமும் எடுக்கப்படாது. விசா விண்ணப்பத்துக்கு நாள்வாரிப் பயணத் திட்டம் வேண்டும், அது தயார்.

நிதிநிலையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கையிருப்பு 38,450 ரூபா என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். புதிதாக வாங்கியவை ஒரு முதலுதவிப் பெட்டி, இரண்டு கயிறு, ஆறு தலைவிளக்கு. நிலத்தில் விரிக்க விலைகூடிய விரிப்பு வாங்கலாமா என்று பேசி, கடைசியில் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கே போதும் என்று விட்டுவிட்டோம். பாரமும் குறைவு, எவர் வீட்டிலும் உண்டு.

நடைகளின்போது தண்ணீரும் வழியும் தந்த தோட்டத்து மக்களுக்கும், கூட்டங்களுக்கு மண்டபத்தைக் கட்டணமின்றித் தந்த கோயில் பரிபாலன சபையினருக்கும், ஒக்டோபர் இரவில் மூவருக்கும் ரொட்டி சுட்டுக் கொடுத்த அந்தப் பாட்டிக்கும் சங்கத்தின் நன்றி.

ஆறு தலைவிளக்குகளில் நான்குதான் இப்போது அலுமாரியில் இருக்கின்றன. சிவனொளிபாதமலை நடைக்கு எடுத்துப்போனவர்கள் கூட்டம் முடிவதற்குள் மற்ற இரண்டையும் மேசையில் வைத்துவிடும்படி கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
ஹட்டன்