மருந்து தெளிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொல்லையில் நிற்கும் எலுமிச்சை மரத்தில் இலை சுருண்டாலும் மஞ்சளித்தாலும், என்ன நோய் என்று பாராமல் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் பூச்சிமருந்தை அடிப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. நானும் இரண்டு ஆண்டுகள் சொறி நோய்க்குப் பூச்சிமருந்து அடித்து ஏமாந்தவன். சொறி, பாக்டீரியாவால் வருவது, பூச்சிமருந்துக்குக் கட்டுப்படாது.

ஆனாலும் அதற்கு வழி திறந்துவிடுவது ஒரு பூச்சிதான். தளிர் இலையில் நத்தை ஊர்ந்த தடம்போல் வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து ஓடினால், அது இலைத்துளைப்பான் புழுவின் வேலை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கோட்டின் முனையில் புழுவே தெரியும். அந்தக் காயத்தில் சொறிக் கிருமி எளிதாகப் புகுவதால், கோட்டையொட்டியே மஞ்சள் வளையம் சூழ்ந்த, விரலால் தடவினால் சொரசொரக்கும் பழுப்புப் புள்ளிகள் எழுகின்றன. மழைச்சாரலில் பரவும் நோய் என்பதால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, நல்ல வெயில் நாளில் நோய் கண்ட குச்சிகளை வெட்டி எரித்துவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் செம்பு கலந்த மருந்தைக் கரைத்துத் தெளிப்பதே பலன் தரும்.

மஞ்சள் இலையில்தான் பலரும் தவறுகிறோம். நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் நடுநரம்பின் இருபுறமும் ஒரே சீராக வெளுத்து, இலையும் சிறுத்திருந்தால் அது துத்தநாகச் சத்துக் குறை. துத்தநாக சல்பேட் தெளித்தால் மரம் தேறிவிடும். ஒருபுறம் ஒருவிதமாகவும் மறுபுறம் வேறுவிதமாகவும் திட்டுத்திட்டாக மஞ்சளித்தால் கிரீனிங் நோயாக இருக்கலாம். கொழுந்தில் பின்புறத்தைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கும் சைலா என்னும் சிறு பூச்சி பரப்பும் இந்நோய்க்கு மருந்தே கிடையாது.

பறவை எச்சம்போல் இலைமேல் ஒட்டியிருப்பது பட்டாம்பூச்சிப் புழு. தொட்டால் தலையருகே செந்நிறக் கொம்பை நீட்டி வாடை வீசும். கறிவேப்பிலையிலும் இதைக் காணலாம். வீட்டு மரத்தில் கையால் எடுத்துப் போட்டாலே போதும்.

தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில், மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன் இலையின் இரு பக்கங்களையும் காட்டும் வண்ணப் படங்களை வெளியிட வேண்டுகிறேன். தோட்டக்கலை அலுவலகங்களும், வாரம் ஒரு நாளேனும் வீட்டு மரங்களின் இலைகளை வாங்கிப் பார்த்து நோயைச் சொல்ல முன்வர வேண்டும். காலையில் பறித்த காயை மதியமே சாதத்தில் பிழிந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். வேண்டாத மருந்து ஒரு சொட்டும் அதன்மேல் விழக்கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திண்டுக்கல்.