இலவ மரத்தடி ஊர்

துலும், மெக்சிகோ
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். முழங்கால் வலிக்கு மாத்திரையை விடாமல் சாப்பிடு. இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று எனக்கு லீவு. கிச்சனில் என்னோடு வேலை பார்க்கும், இந்தப் பக்கத்துப் பூர்வகுடியான மாயா இனத்து அண்ணன் ஒருவர் முயில் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். இங்கிருந்து தெற்கே 20 கிலோமீட்டர்தான். நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி கொலெக்டிவோ என்று வேன் ஓடுகிறது, கை காட்டினால் நிற்கும். துலும் கடலோரக் கோயில்களுக்குப் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள். முயிலில் எங்களையும் சேர்த்துப் பத்துப் பேர்கூட இல்லை.

காட்டுக்குள் கொஞ்சம் நடந்ததும் 17 மீட்டர் உயரத்துக்குக் கற்கோயில் ஒன்று நிற்கிறது. கி.மு. 350 வாக்கிலேயே மாயர்கள் அங்கே குடியிருந்திருக்கிறார்கள். அதைத் தாண்டிப் பலகைப் பாதையில் போனால் ஏரி. அந்தக் காலத்தில் கடல்வரை கால்வாய் வெட்டி, தோணியிலேயே உப்பும் தேனும் கொக்கோவும் ஏற்றி இறக்கி வியாபாரம் செய்திருக்கிறார்கள்.

மாயர்கள் அழிந்துபோய்விட்டார்கள் என்று டூரிஸ்டுகள் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது அம்மா. அண்ணன் வீட்டில் இன்றைக்கும் மாயா மொழிதான். காலையில் என்னைப் பார்த்தால் "பிஷ் அ பேல்" என்பார். எப்படி இருக்கிறாய் என்று அர்த்தம். சொல்லுக்குச் சொல் பார்த்தால், உன் வழி எப்படி இருக்கிறது என்று கேட்பதாம்.

அப்புறம் முக்கியமான விஷயம். முயிலுக்கு இன்னொரு பெயர் சுன்யாஷ்சே. யாஷ்சே மரத்தடி என்று அர்த்தமாம். யாஷ்சே என்றால் என்ன மரம் என்று கேட்டேன். போகிற வழியில் காட்டினார். நம்ம இலவ மரம்! அதே முள்ளு, அதே காய், வெடித்துத் தொங்கும் அதே பஞ்சு. வேர் பாதாளத்தில், கிளை வானத்தில், நடுவில் நாம் என்று மாயர்கள் அதைக் கும்பிட்டிருக்கிறார்கள். போடியில் அப்பா பஞ்சு மூட்டை தூக்கியதைப் பார்த்தே வளர்ந்ததால் அது நம்ம ஊர் மரம் என்றே நினைத்திருந்தேன். அதன் பூர்வீகமே இந்தப் பக்கமாம்.

கீழே கிடந்த பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அப்பாவின் சட்டை வாசனை. அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்திலேயே நின்றார்.

இங்கே ரூமில் கொடுத்திருப்பது ஸ்பாஞ்ச் தலையணை. பொங்கலுக்கு வருகிறேன். என் பழைய தலையணையைப் பிரித்துக் காயவைத்து, புது உறை தைத்து வை அம்மா.

உன் மகன்