குன்றிமணி வேண்டாம், காகிதமே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், மழை நாளில் பிள்ளைகளோடு சேர்ந்து நகை செய்வது பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். நான் அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் தங்கள் கையால் செய்த ஒன்றைக் கழுத்திலும் காதிலும் போட்டுப் பார்க்கட்டும் என்று ஒரு நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்கியதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அந்தக் குறிப்பில் ஒரு வரி ஆபத்தானது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

குன்றிமணியை ஊசியால் துளைத்து மாலையாகக் கோக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். கூடவே கூடாது. குன்றிமணியின் பருப்பில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அதன் ஓடு மிகவும் கெட்டி என்பதால், முழு விதையைத் தெரியாமல் விழுங்கினால்கூடப் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். ஓட்டில் துளை விழுந்தாலோ, பல்லில் கடிபட்டாலோ அந்தக் காவல் போய்விடுகிறது. துளை போடாமல் மாலை கோக்க முடியாது. அந்தத் துளைதான் உள்ளிருக்கும் நஞ்சுக்கு வழி திறந்துவிடுகிறது. கழுத்தில் கிடக்கும் மாலையை வாயில் வைத்துச் சப்பாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்பதும் குன்றிமணிதானே, தட்டார்கள் பொன் நிறுத்ததும் அதை வைத்துத்தானே என்று சிலர் கேட்கலாம். அவையெல்லாம் துளைக்காத விதைகள். பிள்ளையாரைக் கரைப்பதற்கு முன் கண்ணைத் தோண்டி எடுத்து டப்பியில் போட்டு வைக்கும் பிள்ளைகள் எங்கள் தெருவில் உண்டு. வீட்டில் அப்படி ஒரு டப்பி இருந்தால் பெரியவர்கள் வாங்கி அப்புறப்படுத்திவிடுங்கள். பிள்ளை அதைக் கடித்துவிட்டது என்று தெரிந்தால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அறிகுறிகள் தெரியப் பல மணி நேரம் ஆகலாம்.

இனி அந்தக் குறிப்பில் இருந்த பொருட்பட்டியல். தங்க நிறக் கம்பி, சிறு இடுக்கி, மின்சாரத்தில் சூடாகும் பசைத் துப்பாக்கி, பொட்டலம் பொட்டலமாக நெகிழி மணிகள். எங்கள் ஊர் சீர்காழி. 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டிய ஊர். இங்கே மழை என்றால் கலெக்டர் விடுமுறை அறிவிப்பார், பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள், கடைத்தெருவில் கதவு திறந்திருக்காது. கடைக்குப் போகாமல், மின்சாரம் இல்லாமல், வீட்டில் கிடப்பதைக் கொண்டு செய்ய முடிந்தால்தான் அது மழை நாள் கைவேலை. தங்கள் குறிப்பை எழுதியவர் மழை பெய்யாத ஊரில் உட்கார்ந்து எழுதிவிட்டாரோ என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது.

வீட்டில் என்ன கிடக்கிறது? ஐப்பசியில் தீபாவளி முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ஜவுளிக்கடைகளின் வழவழப்பான விளம்பரத் தாள்கள் சேர்ந்திருக்கும். நகை செய்ய அதைவிட நல்ல பொருள் கிடையாது. அகலம் 2 செ.மீ., நீளம் 30 செ.மீ. இருக்கும்படி நீண்ட முக்கோணங்களாக வெட்ட வேண்டும். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டு, முக்கோணத்தின் அகன்ற பக்கத்தை அதில் வைத்துச் சுற்றத் தொடங்க வேண்டும். முதல் சுற்றுக்குப் பசை தடவக் கூடாது. தடவினால் மணி ஈர்க்கோடு ஒட்டிக்கொள்ளும், உருவ வராது. அதற்குப் பிறகு மெல்லியதாகப் பசை தடவி, கூர்முனை நடுவில் வந்து முடியும்படி இறுக்கமாகச் சுருட்டினால், நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கிய மணி கிடைக்கும். தாளில் இருந்த பட்டுப்புடவையின் நிறமெல்லாம் கோடு கோடாக மணியின்மேல் ஏறியிருக்கும். எந்தத் தாளில் எந்த நிறம் வரும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால், பிள்ளைகள் ஒன்று முடிந்ததும் அடுத்ததற்குக் கை நீட்டுவார்கள். முகம் அச்சான இடத்தை வெட்டினால் இளஞ்சிவப்பும் பழுப்புமாக மணி வரும். பெண் பிள்ளைகள் அதைத் தேடித் தேடி வெட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

பசைக்கும் கடை வேண்டாம். சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவினாலே ஒட்டும். நிறையப் பிள்ளைகள் இருந்தால் அரைத் தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி மைதாவைக் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறிக் கூழாக்கிக்கொள்ளலாம். புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பசையில் சேர்க்கவே கூடாது. மழைக்காலத்தில் பசை காயாது, பூஞ்சை பிடிக்கும் என்பது உண்மைதான். அதனால்தான் மெல்லியதாகத் தடவச் சொல்கிறேன். காற்றில் சாய்ந்த வாழையின் தண்டில் ஒரு துண்டை வெட்டி வைத்து, ஈர்க்குகளை மணியோடு அதில் குத்தி நிறுத்திவிட்டால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காயும். சமையல் முடிந்த அடுப்புமேடை அதற்கு நல்ல இடம்.

கோப்பதற்கு ஊசி வேண்டியதில்லை. நூலின் முனையை மெழுகுவர்த்தியில் தேய்த்து விறைப்பாக்கிக் கொடுத்தால் நான்கு வயதுப் பிள்ளையும் கோத்துவிடும். அதற்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மணி எதுவும் தரையில் சிதறிக் கிடக்கக் கூடாது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அவர்களுக்கு ஒரு பழைய நெகிழி வளையலையும் தையல்காரரிடம் கிடைக்கும் வெட்டுத் துணி நாடாவையும் கொடுத்துச் சுற்றச் சொன்னால் போதும். சுற்றிய வளையலைக் கழற்றாமல் அதோடேயே சாப்பிட உட்கார்ந்துவிடும்.

மழை சற்று விட்டால் இன்னொரு நகை இருக்கிறது. பெரியவர் யாராவது வாய்க்காலிலிருந்து நீண்ட தண்டோடு ஓர் அல்லியைப் பறித்து வரட்டும். பிள்ளைகளை நீருக்கு அனுப்ப வேண்டாம். தண்டை விரற்கடை நீளத்துக்கு ஒடித்து, ஒரு பக்கத் தோல் அறாமல் இழுத்துவிட வேண்டும். அடுத்த துண்டை மறுபக்கம் ஒடிக்க வேண்டும். இப்படி மாற்றி மாற்றி ஒடித்துக்கொண்டே போனால், தண்டு இரண்டு சரமாகப் பிரிந்து மாலையாகும். பூவே பதக்கம். பொழுது சாய்வதற்குள் வாடிவிடும், வாடட்டும். உதிர்ந்த தென்னங்கீற்றில் மோதிரமும் கைக்கடிகாரமும் முடையத் தெரிந்த தாத்தாக்கள் இன்னும் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களைத் திண்ணைக்கு அழைத்தால் வராமலா இருப்பார்கள்?

தங்கள் குறிப்பில் இருந்த படங்கள் அனைத்திலும் பெண் பிள்ளைகளே இருந்தார்கள். எங்கள் திண்ணையில் மணி சுருட்டுவதில் வேகமானவன் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். அவன் மாலையோடு வீட்டுக்குப் போனபோது அவன் பெரியப்பா, "பொட்டப்பிள்ளையாடா நீ" என்று கழற்றச் சொல்லிவிட்டார். அந்தப் பெரியப்பாவின் தாத்தா காதில் கடுக்கன் போட்டிருந்தவர்தான். மணி செய்வதும் பெண்களின் பொழுதுபோக்கு அல்ல, இந்த மண்ணின் பெரிய தொழில். நொய்யல் கரைக் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லை அறுத்து, துளையிட்டு, மெருகேற்றி மணி செய்த பட்டறைகள் இருந்ததை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். எங்களுக்கு வடக்கே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கண்ணாடிக் குழாயை இழுத்து நறுக்கி மணி செய்தார்கள். அந்த வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை போயிருக்கின்றன. ஈர்க்கில் காகிதம் சுற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் இதைச் சொன்னால், "கல்லில் எப்படி டீச்சர் ஓட்டை போட்டார்கள்?" என்று அடுத்த கேள்வி வருகிறது. பாடப்புத்தகத்தில் அதே ஊர்களின் பெயரைப் படிக்கும்போது அந்தக் கேள்வி வந்ததில்லை.

ஆடிப்பெருக்கன்று காவிரிக்கு நாம் படைக்கும் காதோலையும் கருகமணியும் என்ன? சுருட்டிய பனையோலையும் சின்னஞ்சிறு கரிய மணிகளும்தாம். ஆற்றுக்கே அது நகை என்றால், பிள்ளைகள் சுருட்டிய காகிதத்தை "குப்பை" என்று மறுநாள் பெருக்கித் தள்ள நமக்கு எப்படி மனம் வருகிறது? அவர்கள் போட்டுக்கொண்டு கடைக்கு வரட்டும், கோயிலுக்கு வரட்டும். இரவு தூங்கும்போது மட்டும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். சரம் கழுத்தை இறுக்கிவிடக் கூடாது.

தங்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள். குன்றிமணி பற்றிய திருத்தத்தை வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். மூலையில் பொடி எழுத்தில் போட்டால் பிள்ளைகளின் தாய்மார் கண்ணில் படாது. இரண்டாவது, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சிறுவர் பக்கத்தின் பின்பக்கம் முழுவதையும் நல்ல நிறங்களில் அச்சிட்டு, நான் சொன்ன அளவில் முக்கோணக் கோடுகளைப் போட்டுக் கொடுங்கள். கதையைப் படித்து முடித்ததும் பிள்ளைகள் வெட்டிச் சுருட்டிக்கொள்ளட்டும். விளம்பரத் தாளே வந்து சேராத வீடுகள் எங்கள் கிராமங்களில் நிறைய உண்டு. தேநீர்க்கடையில் வாங்கும் தங்கள் நாளிதழ் அங்கேயும் போய்ச் சேருகிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை,
சீர்காழி.